பலூன் கடைக்குச் சின்ன சிலிண்டர்

இந்தக் கையால் இனி ஒரு ஸ்பிரிங்கை அழுத்த முடியாது. மணிக்கட்டு தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஏர் கன் ரிப்பேர் மேசையை விட்டு நான் எழுந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அஸ்தம்பட்டிக் கடையில் அந்த மேசைக்கு இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்களில் ஒரு பெண்ணும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், நல்லது. பிஸ்டனைக் கழற்றுவது, வாஷர் மாற்றுவது, குழல் துடைப்பது எல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். அவற்றை எழுதி உங்களுக்குச் சலிப்பூட்ட மாட்டேன். எனக்கே சலித்துப்போன விஷயங்கள் அவை.

உங்களைக் களைக்க வைக்கப்போவது வேலை அல்ல, ஒரு சொல். பவர். காலையில் கடை திறந்தவுடன் வரும் முதல் ஆள் அதைத்தான் சொல்வார், சாயங்காலம் கதவு இறக்கும்போது ஓடிவருகிறவரும் அதையேதான் சொல்வார். கல்லூரிப் பையன்கள் போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, "இந்த மாதிரி அடிக்கணும்ணா" என்பார்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் பண்ணையில் எலித் தொல்லை என்று வந்தார். எங்கேயோ ஓர் ஆளிடம் கொடுத்து முரட்டு ஸ்பிரிங்காகப் போட்டு வாங்கியிருந்தார்.

"ஏனுங்க, ஸ்பிரிங்க மாத்துனதுக்கப்புறம் அடி செமத்தியா இருக்குதுங்க. ஆனா அடியெல்லாம் என் தோள்லதானுங்க, எலி மேல ஒண்ணும் படலீங்க" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி இதைத் தினமும் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் என்பது பம்பின் குழாய். ஸ்பிரிங் என்பது பம்பை அழுத்தும் கை. பம்பு பருமனாக இருந்தால், நீளமாக இருந்தால், ஒரு அழுத்தில் நிறையக் காற்று போகும். ஆனால் அதை அழுத்துகிற கைக்கு வலு வேண்டும். ஒல்லிப் பம்பைக் குழந்தைகூட அழுத்தும், ஆனால் போகிற காற்று கொஞ்சம். துப்பாக்கியிலும் இவ்வளவுதான் கணக்கு. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறதோ, பவருக்கு அதுதான் கூரை. எவ்வளவு முரட்டு ஸ்பிரிங் போட்டாலும் அந்தக் கூரைக்கு மேல் போகாது. சின்ன சிலிண்டருக்கு முரட்டு ஸ்பிரிங் போட்டால், தள்ளுவதற்குக் காற்றில்லாமல் பிஸ்டன் போய்ச் சிலிண்டரின் முன்சுவரில் மோதும். அந்த மோதல்தான் பண்ணைக்காரர் தோளில் விழுந்தது. பெரிய சிலிண்டருக்கு நோஞ்சான் ஸ்பிரிங் போட்டால் வேறு வகையான ஆபத்து. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கியின் பவருக்குச் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதைத் தாண்டச் சொல்லி வருகிறவரிடம் பேச்சே வேண்டாம், அனுப்பிவிடுங்கள். அது சுலபம். சட்டத்துக்குள் இருந்துகொண்டே நம்மைச் சங்கடப்படுத்துகிறவர்கள்தான் கஷ்டம்.

ஒருநாள் மதியம் ஜெரினா என்று ஒரு பெண் வந்தார். போர்வையில் சுற்றி நான்கு துப்பாக்கிகளை டவுன் பஸ்ஸிலேயே தூக்கி வந்திருந்தார். திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள் அந்தக் குடும்பத்தார். அவருடைய கணவர் காதர் பாயை எனக்கு முன்பே தெரியும். கடைச் சாமான் ஏற்றும்போது வேனிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் தம்பி சலீம்தான் கடையை எடுத்து நடத்தினான்.

"அண்ணே, இதுல பவரக் கொறைச்சுக் குடுங்க" என்றார் ஜெரினா.

"ஏத்தணுமா?" என்று கேட்டேன். காதில் விழுந்ததை நம்பவில்லை.

"கொறைக்கணும்ணே. கொறைக்க முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அவர் சொன்ன கதை இது.

காதர் பாய் வைத்திருந்தவை பழைய, சின்ன சிலிண்டர் துப்பாக்கிகள். இளவட்டங்கள் வந்து கையில் எடுத்துப் பார்த்து, பொம்மை என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். சலீமுக்கு அது பொறுக்கவில்லை. அவற்றைத் தள்ளிவிட்டுப் பெரிய சிலிண்டர் உள்ள நான்கு துப்பாக்கிகளை வாங்கினான். சுட்டால் தோளில் ஓர் உதை, பலூனுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஒரு பெரிய சத்தம். கூட்டம் கூடியது. குடும்பமே சந்தோஷப்பட்டது, ஜெரினாவும்தான். அதை அவர் மறைக்கவில்லை.

சங்ககிரியில் ஒரு பண்டிகையில் கடை போட்டிருந்தபோது குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு, பின்னால் கட்டியிருந்த சாக்குப் படுதாவையும் தாண்டிப் போனது. படுதாவுக்கு அந்தப் பக்கம் வளையல் கடை. லட்சுமி என்கிற பெண் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தார். குண்டு அவர் மேல்கையில் பட்டுச் சதையைக் கிழித்துவிட்டது.

"லட்சுமியும் நானும் ஒரே பாயில படுத்துத் தூங்கறவங்கண்ணே. எத்தன ஊரு நோம்பிக்கு ஒண்ணாக் கடை போடப் போயிருக்கோம்! அவ ஸ்டேஷனுக்குப் போகல. போயிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் ஜெரினா.

சலீமும் பயந்துதான் போனான். பயந்தவன் என் மேசைக்கு வந்திருக்கலாம். அவனே ரம்பத்தை எடுத்து நான்கு ஸ்பிரிங்கிலும் சில சுற்றுகளை அறுத்தெறிந்தான். ஸ்பிரிங் குட்டையானால் பவர் குறையும் என்பது அவன் கணக்கு. குறைந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. ஒரு குண்டு பலகை வரை போனது, அடுத்தது பாதி தூரத்தில் விழுந்தது. அடுத்த ஊரில் ஒரு பையன் சுட்டபோது குண்டு வெளியே வரவே இல்லை. மறுபடியும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றி, குண்டு போட்டு, சுட்டான். வரவில்லை. மூன்றாம் தடவை மடக்கி நிமிர்த்தியவன், என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்கத் துப்பாக்கியைத் திருப்பி, குழல் வாயில் கண்ணை வைத்தான்.

"ஊதுன பலூனோட ஓடிப்போய்ப் புடுங்குனேண்ணே. பலூன் வெடிச்சுது. துப்பாக்கிதான் வெடிச்சிருச்சுன்னு நெனச்சு அப்படியே கீழ உக்காந்துட்டேன்."

அந்தத் துப்பாக்கியை எடுத்து, முன்பக்கமாகக் கம்பியை விட்டுத் தள்ளினேன். ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கிய குண்டுகள் மேசையில் விழுந்தன. பெரிய சிலிண்டர், நிறையக் காற்று, அதை அழுத்த வலு இல்லாத ஸ்பிரிங். பிஸ்டன் மெதுவாக வந்து, குண்டைப் பாதி வழியில் விட்டுவிட்டு நின்றுவிட்டது. சுடாத துப்பாக்கி என்று நினைத்துத்தான் ஆட்கள் அதற்குள் எட்டிப் பார்ப்பார்கள். பலமான துப்பாக்கியைக் கண்டால் எல்லோருக்கும் பயம் இருக்கும். இப்படி ஒருநேரம் சுட்டு ஒருநேரம் சுடாத துப்பாக்கிக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அதனால்தான் ஸ்பிரிங்கை மட்டும் வெட்டிப் பவரைக் குறைக்காதீர்கள் என்கிறேன். குறைப்பதென்றால் சிலிண்டரையும் சேர்த்துக் குறையுங்கள்.

நான்கையும் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் சலீம் உள்ளே வந்தான். வியர்த்திருந்தது. வீட்டில் துப்பாக்கிகளைக் காணாமல் தேடி வந்திருக்கிறான்.

"அண்ணே, அண்ணி சொல்றதக் கேக்காதீங்க. ஸ்பிரிங்க வெட்டுனது என் தப்புதான். நாலுக்கும் புது ஸ்பிரிங் போட்டுக் குடுங்க, பழைய மாதிரியே அடிக்கட்டும். பின்னாடி பலகைக்குப் பதிலா இரும்புத் தகடு அடிச்சுக்கறேன். ஒரு குண்டு தாண்டாது."

முட்டாள்தனமான யோசனை இல்லை அது. நானும் தலையாட்டப் போனேன்.

ஜெரினா அவனைப் பார்த்துச் சொன்னார்: "தகடு ஒரு பக்கந்தான் தம்பி இருக்கும். வர்றவனுங்க துப்பாக்கிய எல்லாப் பக்கமும்ல திருப்புறானுங்க."

"சங்கிலி போட்டுக் கட்டிரலாம்."

"கட்டிப் பாத்தமே. நெட்டையா இருக்கறவன் குனியணும், குட்டையா இருக்கறவனுக்கு எட்டாது. சண்டைக்கு வந்து அறுத்துவிட்டுட்டுப் போனானுங்களே, மறந்துட்டியா?"

சலீம் என் பக்கம் திரும்பினான். "கூட்டம் அந்த அடிக்குத்தான்ணே வருது. படுத்துக்கெடக்கற அண்ணனுக்கு வைத்தியம் அந்தக் கூட்டத்துலதான் ஓடுது. இன்னும் ரெண்டு மூணு நாள்ல ஆட்டையாம்பட்டில கடை போடணும். சரி, அண்ணி சொல்றதும் இருக்கட்டும், நான் சொல்றதும் இருக்கட்டும். ரெண்டக் கொறைங்க, ரெண்ட அப்படியே விடுங்க. பொம்பளைங்க, பசங்க வந்தா கொறைஞ்சதக் குடுத்துக்கறோம்."

கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, "அதான் சரி. அப்படியே முடிச்சு அனுப்பு" என்றார். ஜெரினாவும் களைத்திருந்தார். பாதியாவது கிடைக்கிறதே என்று அவர் சம்மதிக்கப்போகிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் முடியாது என்றேன்.

ஏனென்றால் கூட்டம் நெருக்கும்போது எது பெரிய சிலிண்டர், எது சின்ன சிலிண்டர் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வெளியே பார்த்தால் நான்கும் ஒன்றுபோல இருக்கும். ரெண்டில் பவர் குறைந்திருக்கிறது என்கிற நினைப்பு நான்கின் மேலும் படியும். கை அசட்டையாகும். பெயிண்ட் அடித்துப் பிரிக்கலாம்தான். ஆனால் சங்கிலி எத்தனை நாள் நின்றதோ, அத்தனை நாள்தான் பெயிண்டும் நிற்கும்.

"நாலையுங் கொறைக்கறதுன்னா செய்யறேன். இல்லன்னா நாலையும் எடுத்துட்டுப் போப்பா. பாதி வேலை என் கையால ஆகாது."

"துப்பாக்கி எங்களுதுண்ணே" என்றான் சலீம்.

"ஆமா, உங்களுதுதான்."

பிரித்துக் கிடந்ததையெல்லாம் அப்படியே அள்ளி, போர்வையில் கட்டி, தூக்கிக்கொண்டு போனான். ஜெரினா அவன் பின்னால் போனார். வாசலில் நின்று என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை.

"வர்ற கிராக்கிய வெரட்டறதுக்கு உனக்கு ஒரு சம்பளம்" என்றார் முதலாளி.

எனக்கும் பெருமையாக இல்லை. சலீம் வேறு யாரிடமாவது போய் முழு ஸ்பிரிங் போட்டுக்கொள்வான். நான்கும் பழைய பலத்தோடு ஆட்டையாம்பட்டிக்குப் போகும். ரெண்டையாவது குறைத்திருந்தால் ரெண்டு குறைந்திருக்குமே? கொள்கை பேசி அனுப்பிவிட்டேனே, படுதாவுக்குப் பின்னால் உட்காரப்போவது நானா? அன்று நான் செய்தது சரிதான் என்று இன்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். பின்னால் நல்லபடியாக முடிந்தது என்பதற்காக அந்த நேரத்து முடிவு சரியாகிவிடாது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். யாராவது பாதியாக முடிக்கச் சொல்வார்கள், எல்லோருக்கும் அதில் சம்மதம் இருக்கும். அப்போது உங்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் சலீம் தனியாக வந்தான். போர்வை மூட்டையை மேசையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலையுமே கொறைச்சிருங்கண்ணே."

"என்னாச்சு?"

"அண்ணி பலூன் ஊத மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. நீயே ஊதிக்க, நீயே கட்டிக்க, நீயே கடை போட்டுக்கன்னுட்டாங்க. சரி, நானே ஊதிக்கறேன்னு எந்திரிச்சேன். அண்ணன் படுத்த இடத்துலருந்தே, பலூன் பம்ப அங்கயே வெச்சுட்டு ரிப்பேர்க் கடைக்குப் போடாங்கறாரு."

உடனே வேலையைத் தொடங்கினோம். சிலிண்டருக்குள் பொருந்துகிற இன்னொரு குழாயை இறக்கி, அதற்கேற்ற சின்ன பிஸ்டனும் மென்மையான ஸ்பிரிங்கும் போட வேண்டும். லேத்துக் கடைக்காரரைக் கெஞ்சி, மற்ற வேலைகளை நிறுத்திவைக்கச் சொல்லிக் கடைந்து வாங்கினேன். அப்போதே என் மணிக்கட்டு மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. சலீம்தான் பக்கத்தில் நின்று ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தான். புதிய ஸ்பிரிங் அவன் கைக்குள் சாதுவாக அடங்கியதும் அவன் முகம் வாடியது. அடி போய்விட்டதென்று கைக்குத் தெரிந்துவிட்டது.

"கூட்டம் வரலன்னா என்னண்ணே பண்றது?" என்று கேட்டான்.

"தெரியலப்பா" என்றேன். ஆறுதலாகப் பொய் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

காதர் பாயின் பழைய பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிச் சுட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு குண்டும் வெளியே வந்தது. ஒவ்வொன்றும் பலகையிலேயே நின்றது. ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. அளவான சிலிண்டருக்கு அளவான ஸ்பிரிங் என்றால் அப்படித்தான். எடுத்துப் போக வந்த ஜெரினாவிடம் ஒன்றை மட்டும் சொன்னேன்: "கொறைச்சிருக்கேம்மா. இல்லாமப் பண்ணிரல. கண்ணப் பறிக்க இதுவே சாஸ்தி."

"அது தெரியும்ணே" என்றார்.

ஆட்டையாம்பட்டிப் பண்டிகைக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் பஸ் ஏறினேன். வெயில் சாய்கிற நேரத்தில் கடை களைகட்டியிருக்க வேண்டும், அப்படி இல்லை. பையன்கள் கும்பலாக வந்தார்கள். ஒருவன் மடக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், தொடப்பக்குச்சி மாதிரி மடங்குது? பழையபடி பொம்மையா?" என்று கேட்டுச் சிரித்தான். கும்பலே ராட்டினத்துப் பக்கம் போய்விட்டது. சலீம் காது சிவக்க, பலூனைப் பலகையில் கட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்கள் சிலர் தள்ளித்தள்ளி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி துணிந்து வந்து துப்பாக்கியை வாங்கி, மடக்கினாள். யார் உதவியும் இல்லாமல் மடங்கியது. பெரிய சிலிண்டர் துப்பாக்கியாக இருந்தால் மடக்கப் புருஷன்மாரைத் தேட வேண்டியிருந்திருக்கும். உதை இல்லாததால் குறியும் ஆடவில்லை. பலூன் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். பையன்கள் போன அளவுக்குப் பெண்கள் வந்தார்களா என்று கேட்காதீர்கள், நான் எண்ணவில்லை. சலீமின் முகத்தைப் பார்த்தால் ஈடாகவில்லை என்றுதான் தோன்றியது.

பக்கத்திலேயே வளையல் கடை. நான்தான் துப்பாக்கி ரிப்பேர்க்காரர் என்று ஜெரினா சொன்னதும், லட்சுமி மேல்கைத் தழும்பைச் சேலையால் மூடிக்கொண்டார். காட்டிக் காட்டி அலுத்திருக்கும்.

"இப்பத்தானுங்க முதுகு காட்டி உக்கார முடியுது" என்றார். "ஒரு டீ குடிச்சுட்டுப் போறீங்களா?"

டீயை வாங்கிக்கொண்டு கடையோரம் நின்றேன். அந்த நேரம் ஒரு பெண், மடக்கிக் குண்டும் போட்டுவிட்ட துப்பாக்கியோடு, தன் கணவரைக் கூப்பிடத் திரும்பினாள். "ஏனுங்க, இங்க பாருங்க, இங்க பாருங்க!" சிரிப்பு அவள் முகம் முழுக்க. அவள் திரும்ப, குழலும் திரும்பியது. என் முகத்துக்கு நேரே வந்தது.

அந்தச் சிலிண்டரின் அளவு எனக்குத் தெரியும். அதற்குள் எவ்வளவு காற்று பிடிக்கும் என்று தெரியும், ஸ்பிரிங்கை நான்தான் தேர்ந்தெடுத்தேன். இருந்தும் டீயைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். ஜெரினா பாய்ந்து குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்று முதல்முறையாகச் சலீமுக்கும் சிரிப்பு வந்தது. "என்னண்ணே, நீங்க செஞ்சதுதான? இதுக்குப் போயி இப்படிக் குனியறீங்க?"

"நான் செஞ்சதுதாம்ப்பா" என்றேன். "அதனாலதான் குனிஞ்சேன்."